காப்பாளர் இடத்தில் அக்காவின் கையெழுத்து

அக்கா இல்லாத முதல் ஆண்டு இன்றோடு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பெரும்பாலோர் அவரைப் பழனி கோர்ட்டு வாசலில் கறுப்பு அங்கியோடு பார்த்தவர்கள். ‘வக்கீலம்மா’ என்றுதான் அவரை அறிவீர்கள். அந்த அங்கியை உடுத்துவதற்கு முன் அவர் யாராக இருந்தார், எப்படி அங்கு வந்து சேர்ந்தார் என்று சொல்ல இப்போது நான் ஒருத்திதான் மிஞ்சியிருக்கிறேன். கூடப் பிறந்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அக்கா இருந்திருந்தால் சிவப்பு மையால் திருத்தித் தந்திருப்பார்.

அக்கா பிறந்தது கோடைக்கானலுக்குக் கீழே பள்ளங்கியில். அப்பா உருளைக்கிழங்கு போட்டு வந்தார். நாங்கள் இருவரும் பெண்கள். எனக்கு அக்கா மூன்று வயது மூத்தவர். அம்மா நாங்கள் சிறுமிகளாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டார். அப்பா எங்களை மிஷன் பள்ளியில் சேர்த்தார். நான் எட்டாவதோடு நின்றுகொண்டேன். அக்கா மதுரைக்குப் போய்ப் பி.ஏ. வரை படித்தார். அவர் கடைசிப் பரீட்சை எழுதிய ஆண்டில் அப்பாவும் காலமானார். அதற்குள் நான் பூம்பாறையில் வாழ்க்கைப்பட்டுவிட்டேன். அக்கா கோடைக்கானலில் தாம் படித்த பள்ளியிலேயே ஆசிரியை ஆகி, ஏரிக்கு மேற்கே மேட்டில் ஒற்றை அறை எடுத்துத் தங்கினார். அவருடைய தனிக்குடித்தனம் அன்று தொடங்கியது.

சட்டம் படிக்கும் எண்ணம் அக்காவுக்கு வந்தது ஒரு வழக்கினால். ஐம்பதுகளின் பிற்பகுதி என்று நினைக்கிறேன். சீசனுக்கு வந்து பங்களாவில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரத் துரைசானியின் வெள்ளிக் கரண்டிப் பெட்டி காணாமல் போனது. பங்களாவில் ஆயாவாக இருந்த செல்லாயி என்ற பெரும்பாறைக்காரி மீது புகார். துரைசானிக்குத் தமிழ் தெரியாது, செல்லாயிக்கு ஆங்கிலம் தெரியாது. மொழிபெயர்த்துச் சொல்ல மாஜிஸ்திரேட் கோர்ட்டிலிருந்து பள்ளிக்கு ஆள் அனுப்பி அக்காவை அழைத்தார்கள்.

“அந்தப் பொட்டிய நான் தொட்டதே இல்லைங்க சாமி. அதத் தொடச்சு வைக்கிறது சமையக்காரரு சோலி” என்றாள் செல்லாயி.

அக்கா அதை ஆங்கிலத்தில் சொன்னார். சமையல்காரர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவர் என்றைக்குப் போனார், பெட்டி என்றைக்குக் காணாமல் போனது என்று யாரும் கேட்கவில்லை. அக்கா பொறுக்கமாட்டாமல் அதைக் கேட்க வாயெடுத்தார்.

“டீச்சர், அவ சொல்றத மட்டும் நீங்க சொல்லுங்க. கேள்வி கேக்குறது உங்க வேல இல்ல” என்று மாஜிஸ்திரேட் தடுத்துவிட்டார்.

செல்லாயிக்குத் தண்டனை ஆயிற்று. போலீஸ்காரர் அழைத்துப் போகும்போது அவள் அக்காவிடம் நின்று, “நீங்க நல்லாத்தான் பேசுனீங்க டீச்சர். ஆனா எனக்குன்னு ஒண்ணும் பேசலியே” என்றாளாம். கோபமாகச் சொல்லவில்லையாம். அதுதான் தாங்க முடியவில்லை என்றார் அக்கா.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா பஸ் பிடித்துப் பூம்பாறைக்கு வந்தார். நான் கொல்லையில் பூண்டு கட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து தாமும் இரண்டு கட்டுக் கட்டினார். பிறகு, “நான் வக்கீலுக்குப் படிக்கப் போறேன்டி” என்றார்.

“பொம்பளைக்கு வக்கீல் படிப்புக் குடுப்பாகளாக்கா?”

“குடுக்கிறாக. கேட்டாத்தான் தெரியும்.”

சென்னையிலிருந்து தபாலில் விண்ணப்பத்தாள் வந்தது. பட்டச் சான்று, மதிப்பெண் சான்று, வயதுச் சான்று எல்லாம் அக்காவிடம் இருந்தன. தலைமை ஆசிரியை அம்மையார் நன்னடத்தைச் சான்று எழுதித் தந்தார். தாளின் கடைசியில் ‘பெற்றோர் அல்லது காப்பாளர் கையொப்பம்’ என்று ஓர் இடம். அந்த ஒரு விரல் அகல இடத்தில்தான் எல்லாம் வந்து நின்றது.

அக்கா பள்ளங்கிக்கு நடந்து போனார். அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கோட்டுப் படி ஏறுற பொம்பளயப் பத்தி ஊரு என்ன பேசும்னு தெரியாதா ஒனக்கு?”

“நான் வாதாடத்தானுங்க போறேன், பெரியப்பா.”

“எதுக்குப் போனா என்ன? நான் இதுல கையெழுத்துப் போட்டா நாளைக்கு ஒனக்கு ஒண்ணுன்னா நாந்தான் பொறுப்பு. அந்தப் பொறுப்பு எனக்கு வேணாம் தாயி. கல்யாணத்துக்குச் சம்மதின்னு சொல்லு, அதுக்கு எங்கன வேணும்னாலும் கையெழுத்துப் போடுறேன்.”

பெரியப்பா கெட்டவர் அல்லர். என்றுமே எங்களுக்குச் சோறு போடாமல் அனுப்பாத மனிதர். அன்றும் அக்காவைச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார். என் மாமனாரைக் கேட்டுப் பார்த்தோம். அவரும் மறுத்தார், அவர் சொல்லை மீறி என் கணவர் எதுவும் செய்வதில்லை. தலைமை ஆசிரியை அம்மையாரோ கடல் கடந்து சொந்த நாட்டுக்குத் திரும்பும் ஏற்பாட்டில் இருந்தார். ஆண்டுக்கணக்கில் பொறுப்பேற்க அவரால் இயலவில்லை.

அக்கா அந்த இடத்தில் தம் கையெழுத்தையே போட்டு அனுப்பினார்.

தாள் திரும்பி வந்தது. உரியவர் கையொப்பம் இல்லை என்று ஒரு துண்டுச் சீட்டு அதில் குத்தியிருந்தது. அக்கா மாஜிஸ்திரேட் கோர்ட்டுக் குமாஸ்தாவிடம் போய், எத்தனை வயது வரை ஒருவருக்குக் காப்பாளர் வேண்டும் என்று கேட்டு வந்தார். தமக்கு இருபத்திரண்டு முடிந்துவிட்டது, தாயும் தந்தையும் இல்லை, சட்டப்படி தமக்குத் தாமே பொறுப்பு என்று ஒரு கடிதம் எழுதி, அதே தாளை மறுபடியும் அனுப்பினார். அதன் பிறகு வெகு நாள் பதில் இல்லை. தபால்காரர் அந்த மேட்டுக்கு ஏறி வருவது அறையின் சன்னலில் இருந்தே தெரியும். அவர் பாதி வழியில் திரும்பிப் போவதும் தெரியும். அந்த நாட்களைப் பற்றி அக்கா பின்னால் சொன்னது இவ்வளவுதான்: “பள்ளிக்கூடம் விட்டு வந்தா மறுநா வெள்ளனே வரைக்கும் என் குரலே எனக்குக் கேக்காதுடி.”

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது நல்ல மழைக்காலத்தில். துணைக்கு யாரும் இல்லை, நான் பிள்ளைத்தாய்ச்சி. அக்கா மட்டும் தகரப் பெட்டியோடு பஸ் ஏறினார். பெருமாள்மலைக்குக் கீழே மண் சரிந்து சாலையை அடைத்திருந்தது. பஸ் அங்கேயே நின்றுவிட்டது. கீழேயிருந்து வந்த பஸ் சரிவுக்கு அந்தப்பக்கம் நின்றது. ஆண்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கிப் போனார்கள். அக்கா பெட்டியைத் தலையில் வைத்து, முழங்கால் சேற்றில் அந்தச் சரிவைக் கடந்தார். கோடை ரோடு ஸ்டேஷன் குழாயடியில் புடவையின் கீழ்ப்பகுதியை அலசி, ஈரத்தோடு ரயில் ஏறினார்.

சட்டக் கல்லூரித் தாழ்வாரத்தில் பையன்கள் நிறைந்திருந்தார்கள். ஒவ்வொரு பையனோடும் ஒரு தகப்பனாரோ மாமாவோ. பெண்கள் இன்னும் இருவர் இருந்தார்கள். அவர்களைச் சுற்றி ஒரு குடும்பமே நின்றது. வக்கீல் வீட்டுப் பெண்கள். அக்கா தூண் ஓரமாகப் பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு நின்றார்.

உள்ளே மூன்று பேர். கேட்டதெல்லாம் ஆங்கிலத்தில், அக்கா எனக்குச் சொன்னபடி நான் தமிழில் எழுதுகிறேன்.

“உங்களோடு யார் வந்திருக்கிறார்கள்?”

“யாரும் வரவில்லை.”

“சென்னையில் எங்கே தங்கியிருக்கிறீர்கள்?”

“ரயில் நிலையத்தில், பெண்கள் காத்திருக்கும் அறையில்.”

ஒருவர் தாளைத் தூக்கிப் பிடித்து, “காப்பாளர் இடத்தில் நீங்களே கையெழுத்திட்டிருக்கிறீர்களே” என்றார். அக்கா கடிதத்தில் எழுதியதை வாயால் சொன்னார். “இதை யார் உங்களுக்குச் சொன்னது?” “எங்கள் ஊர்க் கோர்ட்டுக் குமாஸ்தா.” மூவரும் சிரித்தார்கள். “கல்லூரி தனக்கென்று விதி வைத்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்லவில்லையா?” “சொன்னார். அந்த விதியைக் காட்டச் சொல்லிக் கேட்கும்படியும் சொன்னார்.”

சிரிப்பு நின்றது. நீங்கள் போகலாம் என்றார்கள்.

பட்டியல் பலகையில் ஒட்டப்பட்டபோது அதில் அக்காவின் பெயர் இல்லை. காரணம் யாரும் சொல்லவில்லை. கேட்கவும் ஆள் இல்லை. அதிகம் பேசிவிட்டோமோ என்று ரயிலில் வரும் வழியெல்லாம் நினைத்தாராம்.

சேர்ந்துவிடுவோம் என்ற நம்பிக்கையில் பள்ளி வேலையை விட்டிருந்தார். அந்த இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார். பெரியப்பா மாப்பிள்ளை பார்த்து ஆள் அனுப்பினார். அக்கா போகவில்லை. சீசன் பங்களாக்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். சீசன் முடிந்து கூட்டம் இறங்கிப் போனதும் கடைகள் பாதி மூடிவிடும். பனிமூட்டம் ஏரியிலிருந்து மேட்டுக்கு ஏறி அறை வாசலை அடைத்துக்கொள்ளும். நான் கைக்குழந்தையோடு ஒருமுறை போய்ப் பார்த்தேன். “எங்க வீட்டுக்கு வந்துரு அக்கா” என்று கெஞ்சினேன்.

“வந்தா அங்கனயே இருந்துருவேன்டி” என்றார். குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு வெகுநேரம் வைத்திருந்தார். நான் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது, “வெரசாப் போ, இருட்டிரும்” என்று தாமே துரத்தினார். வளைவு திரும்பும்வரை திரும்பிப் பார்த்தேன். மூட்டத்தில் வாசல் தெரியவில்லை.

மறு ஆண்டும் அக்கா விண்ணப்பித்தார். அதே சான்றுகள். காப்பாளர் இடத்தில் அதே கையெழுத்து. அழைப்பு வந்தது. இம்முறை நடுவில் வேறொரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பழைய மூவரில் ஒருவர் ஓரத்தில் இருந்தார். அவர்தான் கேட்டார்:

“சென்ற ஆண்டும் வந்தீர்கள் அல்லவா? இப்போதாவது காப்பாளர் கிடைத்தாரா?”

“இல்லை ஐயா. எனக்கு ஒரு வயது கூடியிருக்கிறது.”

நடுவில் இருந்த பெரியவர் தாளை இழுத்துப் பார்த்தார். ஏன் சட்டம் படிக்க வேண்டும் என்று கேட்டார். அக்கா செல்லாயியின் வழக்கைச் சொன்னார். “சமையல்காரர் எப்போது போனார்?” என்றார் அவர். “அதை யாரும் கேட்கவில்லை, ஐயா” என்றார் அக்கா. பெரியவர் தாளில் ஏதோ குறித்தார்.

இம்முறை பலகையில் பெயர் இருந்தது. கல்லூரி வாசலில் பையன்களைத் தகப்பன்மார் கட்டிக்கொண்டார்கள். அக்கா யாரிடம் சொல்வது என்று தெரியாமல், பக்கத்தில் வேர்க்கடலை விற்ற அம்மாளிடம், “எனக்கு எடம் கெடச்சிருச்சும்மா” என்றாராம். அந்த அம்மாள் என்ன இடம் என்று கேட்கவே இல்லை. “நல்லா இரு கண்ணு” என்று ஒரு கை கடலை கூடுதலாகப் போட்டாராம்.

படித்து முடித்துப் பழனிக்கு வந்து, ஒரு மூத்த வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்தார். தம் பெயரில் வழக்கு எடுக்கும் தகுதி வந்ததும் பெரும்பாறைக்குப் போய்த் தோட்டம் தோட்டமாகச் செல்லாயியை விசாரித்தார். விடுதலையாகி வந்தவள் ஊரில் தங்கவில்லை, எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. அக்கா திரும்பி வந்தார். அதைப் பற்றி மறுபடி பேசியதில்லை.

தொடக்கத்தில் கட்சிக்காரர் யாரும் வரவில்லை. பிறகு மலையிலிருந்து பெண்கள் வரத் தொடங்கினார்கள். பிற்பாடு ஆண்களும் வந்தார்கள். அறுபதுகள் முடிவதற்குள் சொந்தமாக அலுவலகம் வைத்துவிட்டார். அக்கா திருமணம் செய்துகொள்ளவில்லை. தைப்பூசத்துக்கு ஊரே சனத்தால் நிறைந்து கிடக்கும்போதும் அவர் ஒருவருக்கு மட்டும் உலை வைத்தார். தனிமை அவருக்குப் பழகிவிட்டது என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. நான் பழனிக்குப் போகும் நாட்களில் பஸ் வருவதற்கு வெகு முன்பே வந்து நிறுத்தத்தில் நின்றிருப்பார்.

கடைசி இரண்டு ஆண்டுகள் நெஞ்சுவலியால் கோர்ட்டுக்குப் போகவில்லை. பூம்பாறைக்கு அழைத்தேன். “குளுரு ஒத்துக்கிறாதுடி” என்றார், அந்தக் குளிரில் பிறந்தவர். ஒரு காலையில் கதவு திறக்கவில்லை. உறக்கத்திலேயே போயிருந்தார். முகத்தில் வேதனை இல்லை.

வாசலில் பேப்பர் அப்படியே கிடப்பதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு ஆட்களைக் கூட்டிய எதிர்வீட்டு இட்லிக் கடை அம்மாவுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கும். தூக்கிச் சுமந்த கோர்ட்டுக் குமாஸ்தாக்கள், வேலையை விட்டு வந்து நின்ற வக்கீல்மார், அக்காவிடம் தொழில் பழகி மகள்போல் கடைசிவரை மருந்து வாங்கித் தந்த ஜூனியர் பெண், செய்தி கேட்டு முதல் பஸ்ஸுக்கு மலையிலிருந்து இறங்கி வந்த பள்ளங்கி உறவினர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

தெருக்காரர்களிடம் ஒரு விண்ணப்பம். அன்று வந்தவர்கள் உட்கார அக்கா வீட்டில் நாற்காலி போதவில்லை. நீங்கள் உங்கள் வீட்டு நாற்காலிகளைத் தூக்கி வந்து போட்டீர்கள். பதினாறாம் நாள் முடிந்து எல்லோரும் எடுத்துப் போன பிறகு ஒன்று மட்டும் மிஞ்சிவிட்டது. பிரம்புப் பின்னல், இடது கைப்பிடியில் லேசாகக் கீறல். வீடுவீடாகக் கேட்டுவிட்டேன், யாரும் தம்முடையது என்று சொல்லவில்லை. அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும். அதுவரை செவ்வாய்க்கிழமைகளில் நான் அங்கே இருப்பேன். உரியவர் வந்து எடுத்துப் போகலாம். அவசரம் ஒன்றும் இல்லை. வந்தால் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
தங்கை,
பூம்பாறை