ஆறாம் வீட்டுக்குக் குடும்பம் தேடிய நாகஜோதி

பெரிய மனிதர்களைப் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். என் தங்கை நாகஜோதியைப் பற்றி நான் எழுதாவிட்டால் யாரும் எழுத மாட்டார்கள். நான் எட்டாவது வரைதான் படித்தேன். ஆனால் ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருப்பவன். எந்தப் பொருளையும் எடுத்த இடத்திலேயே வைத்துப் பழக்கம். இதையும் நடந்தபடியே வைக்கிறேன்.

2007-இல் ஷார்ஜா முவைலாவில் ஓர் அரபிக்காரருடைய கட்டடத்தை அவள்தான் பார்த்துக்கொண்டாள். ஆறு வீடு. அவளுடைய கணவர் பொன்னுச்சாமி அந்த அரபிக்காரரிடம் டிரைவர். அர்பாப் என்றுதான் எல்லோரும் முதலாளியைக் கூப்பிடுவோம். கீழே வாட்ச்மேன் அறை காலியாகக் கிடந்ததால், பெண்டாட்டி பிள்ளையை அழைத்து வந்து அதில் இருந்துகொள், கட்டடத்தை உன் வீட்டுக்காரி பார்த்துக்கொள்ளட்டும் என்று அவர் சொல்லிவிட்டார். அந்த அறை இல்லையென்றால் மாப்பிள்ளை சம்பளத்துக்கு இங்கே குடும்பம் வைக்க முடியாது. நாகஜோதியும் மகள் பானுமதியும் மறுபடி அறந்தாங்கிக்குப் போய், வெள்ளிக்கிழமைதோறும் போனில்தான் குடும்பம் நடத்த வேண்டும்.

அந்த வருடம் பலதியா, அதாவது இங்குள்ள நகராட்சி, அந்தத் தெருவைக் குடும்பங்களுக்கு மட்டும் என்று ஒதுக்கியது. தனியார் கட்டட உரிமையாளர்கள் பலதியாவில் பதிந்துகொண்டு குடும்பங்களுக்கு மட்டுமே வாடகைக்கு விட வேண்டும். அதிகாரி வந்து பார்த்து, எல்லா வீட்டிலும் குடும்பம் இருந்தால் வாசலில் ஒரு பலகை மாட்டிவிட்டுப் போவார். ஒரு வீட்டில் பேச்சிலர் கும்பல் அகப்பட்டாலோ, வீடு காலியாகக் கிடந்தாலோ பலகை கிடையாது. பலகை கிடைக்காவிட்டால் கட்டடத்தை ஒரு ரியல் எஸ்டேட் ஆபீஸிடம் ஒப்படைத்துவிடுவேன், அவர்கள் தங்கள் ஆளைக் கீழ் அறையில் வைத்துக்கொள்வார்கள் என்று அர்பாப் மரியாதையாகத்தான் சொன்னார். மரியாதையாகச் சொன்னதால் நாகஜோதிக்குப் பயம் இரண்டு மடங்கானது.

ஐந்து வீடு நிரம்பிவிட்டது. ஆறாவதுதான் பாக்கி.

பாஸ்போர்ட், சான்றிதழைப் பார்த்து வீடு கொடுக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். பலருடைய பாஸ்போர்ட் கம்பெனியில் இருக்கும், கையில் ஜெராக்ஸ்தான். பக்கத்துக் கட்டடத்தில் ஒரே கல்யாணச் சான்றிதழைக் காட்டி மூன்று பேர் வீடு பிடித்திருந்தார்கள். மூவருக்கும் ஒரே மாமனார். அதனால் நாகஜோதி தானே ஒரு வழி வைத்திருந்தாள். வீடு கேட்டு வரும் ஆணிடம், "உங்க வீட்டுல கடுகு எங்க இருக்கும்?" என்று கேட்பாள்.

குடும்பஸ்தன் என்றால் விழிப்பான். பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பான். ரூமில் இருக்கும் பேச்சிலர் என்றால், முறை வைத்துச் சமைத்த பழக்கத்தில், அடுப்புக்கு மேல் இரண்டாவது தட்டில் காப்பித்தூள் பாட்டிலில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். கூடவே எந்தக் கடையில் கடுகு சுத்தமாக இருக்கும் என்றும் சொல்வான். அப்படிச் சொன்னவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவாள். முதல் ஐந்து குடும்பங்களையும் இந்தக் கடுகுதான் தேடிக் கொடுத்தது. பொன்னுச்சாமி மாப்பிள்ளையிடமும் ஒருநாள் கேட்டுப் பார்த்தோம். கடுகு வேறு, சீரகம் வேறு என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆறாம் வீட்டுக்கு முதலில் வந்தவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள். சிவகுருநாதன் என்று ஒரு கணக்காளர், உடன் அவர் மனைவி குமுதினி. நாகஜோதி வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "சின்னக் கடுகோ பெரிய கடுகோ?" என்று அவர் திருப்பிக் கேட்டார். தாளிக்கும்போது எதற்குப் பிறகு எதைப் போட வேண்டும் என்றும் விளக்கினார். நாகஜோதி குமுதினி பக்கம் திரும்பி, ஒரு ஆழாக்கு அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் வைப்பீர்கள் என்றாள். குமுதினி கணவர் முகத்தைப் பார்த்தாள். நாகஜோதிக்கு அது போதும். வாடகைக்குப் பெண் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறீர்களே, வெட்கமாக இல்லையா என்று கேட்டுவிட்டாள். அந்த மனிதர் கோபத்தில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். கையைப் பிடித்ததுகூட நடிப்பு என்றாள் என் தங்கை. சொந்தப் பெண்டாட்டி கையைத் தெருவில் எவன் பிடிப்பான் என்பது அவள் வாதம்.

அடுத்து வந்தவன் ஜெயசீலன், நாகர்கோவில்காரன். டை கட்டிக்கொண்டு சேல்ஸ் வேலை. மனைவிக்கு விசா அடித்தாகிவிட்டது, இதோ வந்துவிடுவாள் என்றான். கடுகு எங்கே என்று கேட்டதும் மேலே பார்த்தான், கீழே பார்த்தான், ஃப்ரிட்ஜிலா அக்கா என்றான். நாகஜோதி மனம் குளிர்ந்து சாவியைக் கொடுத்தாள். இரண்டு நாளில் ஆறாம் வீட்டு வாசலில் ஒரு ஜோடிப் பெண்கள் செருப்பும் ஒரு சின்ன சைக்கிளும் வந்துவிட்டன. வந்த களைப்பில் தூங்குகிறாள், குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மனைவியைப் பற்றி அவனும் தினம் ஒன்று சொல்லிவந்தான்.

காட்டிக்கொடுத்தது காஸ் சிலிண்டர் போடும் கான் பாய்தான். நாலாம் நம்பருக்கு ஒன்று, ஐந்தாம் நம்பருக்கு ஒன்று என்று இறக்கியவர், "சே நம்பர் மாஃபி", ஆறாம் நம்பருக்கு இல்லை என்றார். ஆறாம் வீட்டில் இதுவரை ஒரு சிலிண்டர்கூட வாங்கவில்லையாம். குடும்பம் இருக்கும் வீட்டில் எப்படி அடுப்பு எரியாமல் இருக்கும்? நாகஜோதி என்னையும் இழுத்துக்கொண்டு மாடியேறிக் கதவைத் தட்டினாள்.

உள்ளே ஐந்து பேர். ஒருவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். இன்னொருவன் பதறிப்போய், உட்காருங்க அக்கா, கஃபெட்டேரியாவில் டீ சொல்கிறேன் என்று போனை எடுத்தான். அடுப்படியில் அடுப்பே இல்லை. மூன்று வேளையும் ஓட்டலில் சாப்பிடுகிறவனுக்குக் கடுகு இருக்கும் இடம் எப்படித் தெரியும்? என் தங்கையின் கேள்வியில் இருந்த ஒரே ஓட்டை வழியாக ஐந்து பேர் உள்ளே வந்திருந்தார்கள்.

"அந்தச் செருப்பு யாருதுடா?" என்றாள் நாகஜோதி.

ஜெயசீலன் தலையைக் குனிந்துகொண்டான். "என் பொண்டாட்டியுதுதான் அக்கா. சம்பளம் பத்தாதுன்னு விசா குடுக்கல. செருப்பு மட்டுந்தான் வந்துருக்கு."

சாயங்காலத்துக்குள் காலி செய்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னாள். அவர்கள் கிளம்பும்போது செருப்பைத் தூசி தட்டி, ஒரு பையில் போட்டு அவன் கையில் கொடுத்தாள். சைக்கிள் மூன்றாம் வீட்டுப் பிள்ளையுடையதாம். அதைச் சத்தமில்லாமல் உரிய இடத்தில் வைத்தேன்.

இப்போது வீடு காலி. வியாழக்கிழமை பலதியா வருகிறது என்று அர்பாப் போன் செய்துவிட்டார். நாகஜோதி ஒரு இரவு முழுக்க யோசித்துவிட்டு, வாங்கண்ணே, துபாய் கராமாவுக்குப் போய் அந்த யாழ்ப்பாணத்துக்காரரைப் பார்ப்போம் என்றாள். சிவகுருநாதன் அன்று வந்ததும் எழுதிக் கொடுத்திருந்த போன் நம்பரை நான் எறியாமல் வைத்திருந்தேன். எதையும் எறிவதில்லை.

கராமாவில் அவர்கள் வேறொருவர் வீட்டு ஹாலைப் பலகையால் தடுத்த பாதியில் இருந்தார்கள். பலகைக்கு அந்தப் பக்கம் யாரோ தும்மியது எங்கள் தோள்மேல் விழுந்ததுபோல் கேட்டது. சிவகுருநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். குமுதினிதான் பேசினாள்.

"அக்கா, அண்டைக்கு நீங்கள் என்னை வாடகைக்குப் பிடிச்ச பொம்பிளை எண்டு சொன்னனீங்கள்."

"ஆமாம்மா, சொன்னேன். தப்புதான்."

"சமைக்கத் தெரியாட்டி பெண்சாதி இல்லையோ? எனக்குப் படிப்பு, பிறகு வேலை. இவர் பத்து வருசம் ரூமில இருந்து சமைச்சுப் பழகினவர். எங்கட வீட்டில இப்பிடித்தான்."

"எங்க ஊர்ல நான் பார்த்ததில்ல. இங்க வந்துதான் பார்க்குறேன்" என்றாள் நாகஜோதி. பிறகு, அந்த வீடு நிரம்பாவிட்டால் நானும் புருஷனும் ஆளுக்கொரு நாட்டில் இருக்க வேண்டியதுதான் என்று உள்ளதைச் சொன்னாள்.

குமுதினி கணவரைப் பார்த்தாள். அவர் கத்தியைக் கீழே வைத்தார். அதற்குள் பலகைக்கு அப்பாலிருந்து ஒரு குரல், "சிஸ்டர், அவங்க வரலன்னா சொல்லுங்க, நாங்க நாலு பேர் ஃபேமிலியா வர்றோம்" என்றது. சிவகுருநாதன் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார்.

வியாழக்கிழமை நான் லீவு போட்டுவிட்டு நின்றேன். பலதியாவிலிருந்து ஓர் அதிகாரியும் ஓர் அம்மாளும் வந்தார்கள். இருவருக்கும் நல்ல ஹிந்தி. ஐந்து வீடுகளை மளமளவென்று முடித்துவிட்டு ஆறாம் வீட்டுக்கு வந்தார்கள். முந்தின நாள்தான் குடிவந்ததால் பாதிப் பெட்டிகள் பிரிக்கப்படாமல் கிடந்ததைப் பார்த்ததும் அதிகாரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்த அம்மாள் நேரே அடுப்படிக்குப் போய்க் குமுதினியிடம், ஏலக்காய் எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டார்.

என் தங்கையின் முகம் வெளுத்தது. அவளுடைய அதே வழி. குமுதினி ஓர் அலமாரியைத் திறந்தாள், தட்டுகள் இருந்தன. இன்னொன்றைத் திறந்தாள், துணி சோப்பு இருந்தது. அந்த அம்மாள் அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார். நாகஜோதி குறுக்கே புகுந்து விளக்கப் பார்த்தாள். ஆனால் அவளுடைய ஹிந்தி குப்பை, தண்ணி மோட்டார், படிக்கட்டு ஈரம் ஆகியவற்றுக்கு மட்டும் போதுமான ஹிந்தி. இந்த வீட்டில் ஆண் சமைப்பார், பெண் சமைக்க மாட்டாள், ஆனாலும் இவர்கள் கணவன் மனைவிதான் என்று சொல்ல அதில் இடமில்லை.

சிவகுருநாதன் எழுந்து அடுப்படிப் பக்கம் போனார். அதிகாரி தடுத்தார். நீ உட்கார், அவள் டீ போடட்டும் என்றார்.

ஏலக்காய் கடைசியில் ஒரு பெட்டிக்குள் அகப்பட்டு, டீ வந்தது. எனக்கும் ஒரு கிளாஸ் கிடைத்ததால் தெரிந்தே சொல்கிறேன். ஏலக்காய் ஒரு கைப்பிடி முழுசாக மிதந்தது. தூளை வடிகட்டவில்லை. நிறம் சிமெண்டுப் பூச்சு நிறம். அதிகாரி ஒரு வாய் குடித்துவிட்டு கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார். அந்த அம்மாள் முகர்ந்து பார்த்ததோடு சரி. நான் மரியாதைக்காக வாயில் வைத்துக்கொண்டு விழுங்கத் தைரியம் வராமல் நின்றேன்.

சிவகுருநாதன் மட்டும் நிதானமாகக் குடித்தார். முழுவதையும் குடித்தார். கடைசியில் கிளாஸைச் சாய்த்து அடித்தூளையும் வாயில் விட்டுக்கொண்டார்.

"இண்டைக்கு நல்லாய் வந்திருக்கு" என்றார்.

"போனமுறையை விடவோ?" என்றாள் குமுதினி.

"ஓம், அதைவிட நல்லம்."

என்ன சொல்கிறான் என்று அதிகாரி கேட்டார். "சாய் அச்சா போல்தா" என்றாள் நாகஜோதி. அதற்கு அவளுடைய ஹிந்தி போதுமாக இருந்தது. அதிகாரி சிவகுருநாதனின் காலி கிளாஸைப் பார்த்தார், தன் கிளாஸைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். அந்த அம்மாளும் முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

"அடுத்தவன் பெண்டாட்டி போட்ட டீ என்றால் இவன் இதைக் குடிப்பானா? கலாஸ், முடிந்தது, இது குடும்பம்தான்" என்றார் அதிகாரி.

மத்தியானமே வாசலில் பலகை மாட்டினார்கள். அர்பாப் போன் செய்து, இஷ்டம் இருக்கும்வரை கீழ் அறை உங்களுடையது என்று மாப்பிள்ளையிடம் சொன்னார். நாகஜோதி யாருக்கும் தெரியாமல் படிக்கட்டு அடியில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்குத் தெரிந்தது.

சாயங்காலம் குமுதினி ஒரு பாத்திரத்தோடு கீழே வந்தாள். இனி அயல்வீடுதானே, டீ போடுறது எப்பிடியெண்டு காட்டித் தாங்கோ அக்கா என்றாள்.

"இப்ப வேணாம்மா" என்றாள் என் தங்கை. "அடுத்த வருஷமும் பலதியா வரும். அவுக வந்துட்டுப் போகட்டும், அப்பறம் கத்துக்கலாம்."