மலைக்குச் சேதி இல்லை

ராதிகா யாரையெல்லாம் பார்த்துப் பொறாமைப்பட்டாள் என்று சொன்னாலே அவள் கதையைச் சொல்லிவிடலாம்.

முதலில் அண்ணன் அஜித்குமார். அவன் மார்க் இவளுடையதைவிடக் கம்மி. அவனைச் சென்னைக்குப் பக்கத்தில் பொறியியல் படிக்க அனுப்பினார்கள். இவளைக் கள்ளக்குறிச்சியிலேயே பி.எஸ்சி. சேர்த்தார்கள். பஸ்ஸில் போய் வந்துவிடலாம், விடுதி தேவையில்லை என்று அப்பா கொளஞ்சியப்பன் சொன்னார். மூங்கில்துறைப்பட்டுக்குப் பக்கத்து ஊர். கரும்பு போடும் குடும்பம்.

அடுத்தது ஜெயப்பிரகாஷ். தெருக்கோடி வீடு. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஜப்பானில் ஏதோ தொழிற்சாலைக்குப் போனான். அவன் அனுப்பும் படங்களை அவன் அம்மா பெரியநாயகி தெருவில் எல்லாருக்கும் காட்டுவாள். மலை, பனி, பெரிய கட்டடம் எதுவும் ராதிகாவைத் தொந்தரவு செய்யவில்லை. ஒரு படத்தில் ரயில் நிலையத்துப் பலகைக்குக் கீழே நின்றிருந்தான். பலகை முழுக்க எழுத்து. எட்டாம் வகுப்பில் இவளைப் பார்த்துக் காப்பியடித்தவன். அந்தப் பலகையை அவனுக்கு வாசிக்கத் தெரியும், இவளுக்குத் தெரியாது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாவது எழில்மதி. இந்தக் கதை அவளால் வந்தது.

ராதிகா கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்க்கிறாள். மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். ஊரில் எந்த விண்ணப்பம் திறந்தாலும் பிள்ளைகள் இங்கேதான் வருவார்கள். யாருக்கோ விண்ணப்பம் போடும்போதுதான் அதைப் பார்த்தாள். டெல்லியில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழி, சீன மொழி பட்டப்படிப்பு இருக்கிறது. பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். வயது வரம்பு இல்லை. அப்போது அவளுக்கு இருபத்தைந்து.

வீட்டில் சொன்னபோது அம்மா, மாப்பிள்ளை பார்க்கிற நேரத்தில் இதென்ன என்றாள். அப்பா சண்டை போடவில்லை. எழுதட்டும், கிடைக்கவா போகிறது என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார். அது அவளுக்குச் சண்டையைவிட மோசமாக இருந்தது.

அந்தத் தேர்வில் ஜப்பானிய எழுத்து ஒன்றுகூட வராது. ஆங்கிலம், பொது அறிவு, கணக்குப் புதிர்கள், அவ்வளவுதான். படிப்பில் சேர்ந்த பிறகுதான் மொழியைச் சொல்லித் தருவார்கள். இது ராதிகாவுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் ஜெராக்ஸ் ஓடுகிற நேரத்தில், கெட்டுப்போன தாள்களின் பின்பக்கத்தில், ஜப்பானிய எழுத்துகளை எழுதிப் பழகினாள். யூடியூபில் பாடம் கேட்டாள். ஒலியைக் குறிக்கும் இரண்டு வகை எழுத்தும் முடிந்து, சீனத்திலிருந்து வந்த பட எழுத்துகளுக்குப் போயிருந்தாள். புதிர்களை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினாள்.

எழில்மதிக்கு மலைமேல் கரியாலூரைத் தாண்டி உள்ளே ஒரு ஊர். அப்பா மாயவனுக்குக் கொஞ்சம் சாமைக் காடு. மலையில் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, பிளஸ் டூவுக்குக் கீழே வந்து விடுதியில் இருந்தாள். சனிக்கிழமைகளில் சென்டருக்கு வருவாள். ஜெராக்ஸ் தாள்களைப் பிரித்து அடுக்கிக் கொடுப்பாள், பதிலுக்கு ராதிகா சும்மா கிடக்கும் கம்ப்யூட்டரில் உட்கார விடுவாள். அங்கே உட்கார்ந்து மாதிரித் தேர்வு எழுதிப் பார்ப்பாள். எழுதுவது என்றால், கடலை தின்றுகொண்டே, சிரித்துக்கொண்டே. முடித்துவிட்டு மார்க்கைப் பார்ப்பாள். மார்க் நன்றாகத்தான் இருக்கும். அதை ராதிகா ஓரக்கண்ணால் பார்த்துவிடுவாள்.

ஒருநாள் எழில்மதி ஜெராக்ஸ் தாள்களின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது, ஜப்பானா? இதத்தான் பரிச்சைல கேக்கமாட்டாங்களே. அப்பறம் எதுக்குப் படிச்சிக்கினு இருக்கீங்க?"

ராதிகா தாள்களைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

விண்ணப்பம் போடும் நாளில் எந்த மொழி வேண்டும் என்று ராதிகாதான் கேட்டாள். எழில்மதி அதைப்பற்றி யோசிக்கவே இல்லை. டெல்லியில் விடுதி உண்டா என்று மட்டும்தான் கேட்டிருந்தாள்.

"நீங்க எதப் போட்டீங்கக்கா?"

"ஜப்பான்."

"அப்ப எனக்கும் அதயே போடுங்க. கீழ சீனத்தையும் போடுங்க. எனக்கு எதுன்னாலும் ஒண்ணுதான்."

எதுன்னாலும் ஒண்ணுதான். அந்த வார்த்தை ராதிகாவுக்குள் பல நாள் கிடந்தது. இருந்தாலும் கேட்டபடியே போட்டுக் கொடுத்தாள். போன் எண் கேட்கிற இடத்தில் தன் எண்ணைப் போட்டாள்.

இது சென்டரின் வழக்கம். எழில்மதி ஊரில் டவர் கிடையாது. பாறைமேல் ஏறி நின்றால் எப்போதாவது ஒரு கோடு வரும். அதனால் மலைப் பிள்ளைகளின் விண்ணப்பங்களில் ராதிகாவின் எண்தான் இருக்கும். ஓ.டி.பி., ஹால் டிக்கெட், முடிவு எல்லாம் அவள் போனுக்கு வரும். வந்ததும் கரியாலூர் வண்டிக் கண்டக்டர் தமிழழகனிடம் சொல்லிவிடுவாள். அவர் கரியாலூர் டீக்கடையில் சொல்வார். அங்கிருந்து யாராவது அந்தந்த ஊருக்குக் கொண்டுபோவார்கள். ஒரு சேதியும் இதுவரை தவறியதில்லை.

தேர்வு முடிந்தது. பிளஸ் டூவும் முடிந்துவிட்டதால் எழில்மதி மலைக்குப் போய்விட்டாள். ராதிகா மட்டும் தினமும் காலையில் பல்கலைக்கழகத்தின் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சேதி ஒரு காலையில், அவள் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது வந்தது. ஜப்பானிய மொழிப் பட்டப்படிப்பில் இடம். நாளை மாலை ஐந்து மணிக்குள் உள்ளே போய் ஏற்றுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும். ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு நின்றாள். பெயரைப் பிறகுதான் படித்தாள். எம். எழில்மதி.

தன் கணக்கைத் திறந்து பார்த்தாள். ஜப்பான், சீனம் இரண்டுக்கும் நேராக ஒரே பதில். இடம் ஒதுக்கப்படவில்லை.

அவள் மனம் முதலில் இட ஒதுக்கீட்டைப் போய்ப் பிடித்தது. மலைப்பிள்ளை, பழங்குடிச் சான்றிதழ், அதில் கிடைத்திருக்கும். நமக்கு அது இல்லை. இப்படி நினைத்ததும் நெஞ்சு கொஞ்சம் லேசானது. ஓ.டி.பி. போட்டு எழில்மதியின் கணக்குக்குள் போனாள். இடம் பொதுப்பட்டியலில் கிடைத்திருந்தது. மார்க்கும் பக்கத்திலேயே இருந்தது. ராதிகாவின் மார்க்குக்கு வெகு மேலே. அந்த ஆறுதலும் போயிற்று.

பத்து மணிக்குக் கரியாலூர் வண்டி வந்து நின்றது. தமிழழகன் வழக்கம்போல ரோட்டைத் தாண்டி வந்து சென்டர் வாசலில் எட்டிப் பார்த்தார்.

"இன்னா ராதிகா, மலைக்கு எதனா சேதி இருக்கா?"

"ஒண்ணும் இல்லண்ணா."

அவர் டீ குடித்துவிட்டு வண்டியை எடுக்கச் சொன்னார்.

ராதிகாவுக்குப் பத்து வயது இருக்கும்போது நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கரும்பு வெட்டுவதற்கு ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வரும். வந்தால் உடனே ஆளை இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆர்டர் அதே ஊரில் அடுத்த வயலுக்குப் போய்விடும். அந்த வருஷம் அப்பா ஒரு சாவுக்குப் போயிருந்தார். ஆர்டர் கொண்டுவந்த ஆள் பக்கத்து வயல் சடையனிடம் சொல்லிவிட்டுப் போனான். சடையன் சொல்லவில்லை. சடையன் கரும்பு டிராக்டரில் போயிற்று. அப்பாவின் கரும்பு அடுத்த முறை வரும்வரை நின்று காய்ந்தது. அப்பா இன்றுவரை சடையனோடு பேசுவதில்லை.

ராதிகா அன்று முழுவதும் சடையனை நினைத்துக்கொண்டாள். அவன் பொய்கூடச் சொல்லவில்லை. வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பக்கத்தில் ஜப்பானுக்கு எழுதியவர்கள் இரண்டே பேர். எழில்மதி, ராதிகா. எழில்மதி வராவிட்டால் அடுத்தது யார்? பட்டியல் இந்தியா முழுவதற்கும் ஒன்று என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஊருக்கே விண்ணப்பம் போடுகிறவள். ஆனாலும் மனம் கரும்பு வரிசையிலேயே நின்றது. பக்கத்து வயலுக்குத்தான் வரும் என்று நின்றது.

மறுநாள் காலையும் தமிழழகன் எட்டிப் பார்த்தார். அவர் கேட்பதற்கு முன்பே ராதிகா தலையை ஆட்டிவிட்டாள். வண்டி போயிற்று. அதற்குப் பிறகு சொல்லி எழில்மதி நேரத்துக்கு வந்து சேர முடியாது.

மதியம் கூட்டம் இல்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடினாள். பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் காத்திருப்போர் பட்டியல் போட்டிருந்தார்கள். தன் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடினாள். முதல் பக்கத்தில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. கீழே, கீழே போய்க்கொண்டே இருந்தாள். கடைசியில் கிடைத்தது. எழில்மதியைப் போல ஒரு கூட்டமே விலகினாலும் அங்கே வரை வராது.

மறுபடி மேலே போனாள். முதல் பெயர் ஒரு வடநாட்டுப் பெண். எழில்மதியின் இடம் அந்தப் பெண்ணுக்குத்தான் போகும். ராதிகா அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவளுக்கு வீட்டிலேயே கம்ப்யூட்டர் இருக்கும். தனியாக ஒரு அறை இருக்கும். கேட்டதெல்லாம் வாங்கித் தரும் அப்பா இருப்பார். இப்போது ஏ.சி.யில் உட்கார்ந்துகொண்டு, யாராவது வராமல் போகமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். கள்ளக்குறிச்சியில் ஒருத்தி சேதி சொல்லாமல் இருந்தது அவளுக்குத் தெரியவே போவதில்லை. சும்மா வந்து உட்கார்ந்துகொள்வாள்.

எழில்மதிமேல் இருந்ததைவிட இவள்மேல் வயிறு அதிகமாக எரிந்தது.

எவளோ ஒருத்திக்கு இதை விட்டுக்கொடுக்க முடியாது என்று தோன்றியது. ராதிகா எழில்மதியின் கணக்குக்குள் போனாள். ஓ.டி.பி. அவள் கைக்கே வந்தது. ஏற்கிறேன் என்ற கட்டத்தை அழுத்தினாள். உறுதியா என்று கேட்டது. அதையும் அழுத்தினாள். மணி நாலு ஆகியிருந்தது.

சாயங்காலம் தமிழழகன் மலைக்குப் போகும் கடைசி வண்டியோடு நின்றிருந்தார். இந்த முறை ராதிகா ரோட்டைத் தாண்டிப் போனாள். எழில்மதிக்குச் சீட் கிடைத்துவிட்டது, நாளைக்குச் சான்றிதழ்களோடு கீழே வரச் சொல்ல வேண்டும் என்றாள். அவர் சந்தோஷப்பட்டார். எந்தப் படிப்பு என்று கேட்டார். ஜப்பான் என்றதும், பிள்ளை ஜப்பானுக்கா போகிறது என்றார். டெல்லிக்கு என்றாள்.

"உனக்கு?"

"எனக்கு வரல."

அவர் பையில் சில்லறையைத் துழாவினார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"காலைல கேட்டனே ராதிகா."

"காலைல இல்லண்ணா."

அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டார்.

எழில்மதி அம்மாவோடு வந்தாள். அம்மா ரங்கம்மாள் ஒரு பை நிறையப் பலாச்சுளை கொண்டுவந்திருந்தாள். சென்டர் முழுக்க அந்த வாசனை. நீங்க இல்லன்னா எம்பொண்ணுக்கு ஏதும்மா என்று ராதிகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ராதிகா கையை உருவிக்கொண்டு, சான்றிதழ்களை ஸ்கேன் செய்ய ஆரம்பித்தாள். எழில்மதி பக்கத்தில் நின்று, அந்த எழுத்தெல்லாம் கஷ்டமா இருக்குமா என்று கேட்டாள். கஷ்டம்தான் என்று ராதிகா சொன்னாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவளுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்தது.

அவர்கள் போனதும் பலாச்சுளையை ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களுக்குக் கொடுத்தாள். தான் ஒன்றுகூடத் தின்னவில்லை.

எழில்மதி டெல்லி போய்ச் சேர்ந்தாள். அங்கே புதுப் போன், புது எண். ஆனால் பல்கலைக்கழகத்தில் பழைய எண்ணை மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. ராதிகாவுக்குத் தோன்றியது, அவள் சொல்லவில்லை. அதனால் எல்லாம் ராதிகாவின் போனுக்கு வந்துகொண்டிருந்தது. விடுதி அறை ஒதுக்கப்பட்டது. வகுப்புகள் திங்கள்கிழமை தொடங்குகின்றன. முதல் எழுத்துத் தேர்வு இந்தத் தேதி. அந்தத் தேதியில் ராதிகா ஒரு தாளின் பின்பக்கத்தில் எல்லா எழுத்துகளையும் எழுதிப் பார்த்தாள். தவறே இல்லை. தாளைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

அம்மா ஒரு மாப்பிள்ளை ஜாதகத்தைக் கொண்டுவந்தாள். ராதிகா அடுத்த வருஷத் தேர்வு முடியட்டும் என்றாள். அப்பா இந்த முறை எதுவும் சொல்லவில்லை. அவள் இப்போது புதிர்க் கணக்குகளைத்தான் முதலில் போடுகிறாள்.

தீபாவளி கழிந்து ஒருநாள் அந்தச் சேதி வந்தது. எம். எழில்மதி, உங்கள் வருகைப்பதிவு குறைவாக உள்ளது. ராதிகா அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். வாய்விட்டே சிரித்தாள். ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்தவர் திரும்பிப் பார்த்தார். இரண்டாவது முறை படித்தபோது சிரிப்பு வரவில்லை. அவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்து எழில்மதியைக் கூப்பிட்டாள்.

"ஏண்டி, கிளாசுக்குப் போறதில்லையா?"

உங்களுக்கு எப்படிக்கா தெரியும் என்று எழில்மதி கேட்டாள். உடம்பு சரியில்லை என்றாள். அப்புறம் குரல் இறங்கியது. எல்லாரும் முன்னாடியே படித்துவிட்டு வந்திருக்கிறார்கள், தனக்கு மட்டும் அந்த எழுத்து நிற்கவே மாட்டேன் என்கிறது, ஊருக்கே வந்துவிடலாமா என்று பார்க்கிறேன் என்றாள்.

"வந்துருவியா? எந்தச் சீட்ட வுட்டுட்டு வர்றன்னு தெரியுமா உனக்கு?"

எழில்மதி அழ ஆரம்பித்தாள். ராதிகா தடுக்கவில்லை. எதிரே கரியாலூர் வண்டி வந்து நின்றது. தமிழழகன் இறங்கி இவளைப் பார்த்துக் கையைத் தூக்கினார். இல்லை என்று இவளும் கையை அசைத்தாள். பிறகு போனில் சொன்னாள்.

"தெனம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வீடியோ கால் போடு. நோட்டு எடுத்து வச்சிக்க. மொத அஞ்சு எழுத்துலேர்ந்து வருவோம்."

"அக்கா, உங்களுக்கு எதுக்குக்கா இந்தச் சிரமம்..."

"அதோட நான் கேக்கறதுக்கும் பதில் சொல்லணும். அங்க வாத்தியார் இன்னா சொல்லிக் குடுத்தாரோ, அத ஒண்ணு வுடாம எனக்குச் சொல்லணும். புரியுதா?"

புரிகிறது என்றாள். ராதிகா போனை வைத்துவிட்டு உள்ளே போனாள். காத்திருந்தவருக்கு ஆதார் அட்டை, முன்னும் பின்னும், ஒரே தாளில் வேண்டும்.