பூங்கா இடமும் அன்புக்கரசியின் கையெழுத்தும்

பல்லடம் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து மனு எழுதுவது என் தொழில். இருபத்தாறு வருடமாக ஊரார் வயிற்றெரிச்சலையெல்லாம் பணிவான தமிழில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அன்புக்கரசிக்கு எழுதிய அன்றுதான் பேனாவைத் தூக்கி எறியலாம் போல வந்தது.

அன்புக்கரசி எங்கள் காலனிப் பெண். விசைத்தறிக் கூடத்தில் தார் சுற்றுகிறாள், அதாவது ஊடை நூலைக் குச்சியில் சுற்றித் தருகிற வேலை. அவள் அம்மா சின்னத்தாயி, அரங்கசாமியின் தோட்டத்தில் நாற்பது வருடம் களை வெட்டியவள். அதே அரங்கசாமிதான் அப்போது ஊராட்சித் தலைவர்; அன்புக்கரசி மூன்றாவது வார்டு உறுப்பினர். கூட்டத்துக்குப் போனால் தலைவரே எழுந்து, "வாங்க அம்மணி, சேர்ல உக்காருங்க" என்பார். அம்மாவை வாசலோடு நிறுத்தியவர் மகளுக்கு நாற்காலி போடுகிறார் என்று காலனியே பூரித்துப்போனது. நானும்தான். எங்கள் பக்கத்தில் ஒருவரை ஏமாற்றுவதானாலும் 'ங்க' போட்டுத்தான் ஏமாற்றுவார்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பதவிக்கு வந்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. காலனி அங்கன்வாடி தகரக் கொட்டகையில் நடக்கிறது. சித்திரை வெயிலில் பிள்ளைகள் வெந்துபோகின்றன. பக்கத்து மனைப்பிரிவில் பூங்காவுக்கென்று விட்ட நாற்பது சென்ட் சும்மா முள் மண்டிக் கிடந்தது. அதன் ஓரத்தில் ஒரு கட்டடம் வேண்டும் என்றாள். ஊராட்சிச் செயலர் அழகிரிசாமி அவளுக்குச் சட்டம் சொன்னார். சைட் போட்டு விற்கிறவர் பத்தில் ஒரு பங்கைப் பொதுவுக்கு விட்டு, தானப் பத்திரம் எழுதி ஊராட்சியிடம் ஒப்படைக்கிறார். வரைபடத்தில் பூங்கா என்று காட்டி அனுமதி வாங்கிய இடம் பூங்காவாகத்தான் இருக்க வேண்டும்.

"ஒம்போது பேரும் கை தூக்கினாலும் மாத்த முடியாதுங்க அம்மணி. நாம அதுக்கு வாட்ச்மேன் மாதிரிதானுங்க, ஓனர் இல்லீங்க."

அவர் சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. சட்டம் என்றால் சட்டம்தானே என்று அவளும் தலையாட்டிவிட்டு வந்தாள். விளையாடவாவது இடம் இருக்கட்டும் என்று ஆள் சேர்த்து முள்ளை வெட்டி, நான்கு வேப்பங்கன்று நட்டாள். காலனிப் பிள்ளைகளும் சைட்டுக்காரர்கள் பிள்ளைகளும் சாயங்காலம் அங்கேதான் கிடந்தார்கள்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று ஆவணியில் அங்கே ஒரு லாரி வந்து ஹாலோ பிளாக் கொட்டியது. கன்று நான்கும் அடியில் போயின. கேட்கப் போனவளிடம் மேஸ்திரி ஒரு ஜெராக்ஸை நீட்டினார். தலைவரின் மச்சான் நூல் குடோன் கட்டிக்கொள்ள, பூங்கா இடத்தைக் குத்தகைக்கு விடுவதென்று ஊராட்சி ஒருமனதாகத் தீர்மானித்திருந்தது. கீழே ஒன்பது கையெழுத்து. மூன்றாவது அவளுடையது.

அதை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"நான் போட்டதுதானுங்க, சாமுவேலண்ணா. ஆனா போடறப்ப மேல ஒண்ணுமே எழுதலீங்க."

எங்கள் ஊராட்சியில் அதுதான் வழக்கம். கூட்டம் முடிந்து டீயும் போண்டாவும் வரும்போது தீர்மானப் புத்தகமும் கூடவே வரும். வெற்றுப் பக்கத்தின் அடியில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். செயலர் பிறகு சாவகாசமாக மேலே நிரப்பிக்கொள்வார். கூட்டமே நடக்காத மாதத்தில் புத்தகம் தறிக் கூடத்துக்கே வந்துவிடும்.

"எழுதாத பக்கத்துல கையெழுத்துப் போடுவியா? புத்தி எங்க போச்சு?" என்று கத்திவிட்டேன்.

"பெரியவங்க புஸ்தகத்தை நீட்டறப்ப, என்ன எழுதப் போறீங்கன்னு எப்படீங்கண்ணா கேக்கறது? அவங்களைச் சந்தேகப்படற மாதிரி ஆயிராதுங்களா?"

அவளைத் திட்டியதற்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. பிள்ளைகளுக்கு ஓர் அறை கட்டக் கூடாது என்று வழிமறித்த சட்டம், மச்சானின் நூல் மூட்டைக்கு மட்டும் எங்கே போய்ப் படுத்துக்கொண்டது? தெரியாமல் செய்தார்கள் என்றாலாவது பொறுக்கலாம். அழகிரிசாமிக்குச் சட்டம் கரைத்துக் குடித்த பாடம்.

கலெக்டருக்கு மனு எழுதத் தொடங்கினோம். எப்படியோ மோப்பம் பிடித்து அழகிரிசாமி என் மேசைக்கே வந்துவிட்டார். முகத்தில் அத்தனை அக்கறை.

"ஏனுங்க அம்மணி, வெத்துப் பக்கத்துல போட்டேன்னு நீங்களே எழுதிக் குடுத்தா, மொதல்ல உங்க பதவிக்குத்தானுங்க ஆபத்து. மத்த எட்டுப் பேரும் படிச்சுப் பாத்துத்தான் போட்டோம்ங்கறாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றனுங்க."

அன்புக்கரசி அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. "நடந்தது நடந்தபடிக்கே எழுதுங்கண்ணா" என்றாள். எழுதினேன். அவள் ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திட்டாள்.

இரண்டு மாதம் கழித்துத் தீர்மானம் ரத்தானது. ஹாலோ பிளாக்கை அள்ளிக்கொண்டு லாரி போனது. காலனியில் பட்டாசு வெடித்தார்கள்.

அதே வாரம் கலெக்டர் அலுவலகத்திலிருந்து ஒரு நோட்டீஸும் வந்தது. படிக்காமல் கையெழுத்திட்ட உறுப்பினர்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். தலைவருக்கு வரவில்லை. பக்கத்தை நிரப்பிய செயலருக்கு வரவில்லை. மற்ற எட்டுப் பேரில் ஒருவருக்கும் வரவில்லை. உண்மையைச் சொன்ன ஒருத்திக்கு மட்டும் வந்தது. படித்ததும் பேனாவைத் தூக்கி எறியலாம் போலத்தான் இருந்தது.

ஆனாலும் தொழில் புத்தி போகுமா? அவள் பதவியாவது தப்பட்டும் என்று, "அறியாமையால் நேர்ந்த பிழையைப் பெரிய மனது பண்ணி மன்னிக்குமாறு" என்று எழுத ஆரம்பித்தேன். அவள் காகிதத்தின்மேல் கையை வைத்தாள்.

"அறியாமைன்னு எழுதாதீங்கண்ணா. மரியாதைக்குப் போட்டேன்னு எழுதுங்க. அந்த மரியாதை இனி அவங்களுக்கு இல்லீன்னும் சேத்து எழுதிப்போடுங்க."