துவாயைக் கடித்துச் செய்த ஜெபம்

சபையாரே, என் சத்தத்தை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். வயல் வட்டையில் நின்று நான் குருவி விரட்டினால் வாவிக்கு அக்கரையில் கேட்கும் என்று பகிடி பண்ணுவீர்கள். நான் ஜெபிக்க எழும்பினால் கோயில் மணி தேவையில்லை என்று நம் போதகரே சொல்லியிருக்கிறார். எனக்கும் அதில் பெருமைதான். அந்தச் சத்தம் என் மனைவியைக் கொல்லப் பார்த்தது.

இந்த வருடம் தை மாதம். சீமையில் வெள்ளைக்காரருக்குள் யுத்தம் வருமென்று அப்போது யாருக்கும் தெரியாது. என் மனைவி அன்னம்மாவுக்கு எட்டாம் மாதம். முதல் பிள்ளையை வயிற்றிலேயே இழந்தவள் அவள். இந்தப் பிள்ளையாவது உயிரோடு கையில் கிடைக்க வேண்டும், அதுதான் எங்கள் ஒரே விண்ணப்பம். அந்த நாட்களில் அவள் கால் வீங்கியது, பிறகு முகம் வீங்கியது. தலையிடி என்றாள். கண் மங்குகிறது என்றாள். ஊர் மருத்துவிச்சி கண்ணம்மை வந்து பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார்.

"தம்பி, இது என்ட கைக்கு அடங்காது. தோணியப் புடிச்சு இவள ஆசுபத்திரிக்குக் கொண்டு போ."

"நான் ஜெபிச்சிருக்கன், பெரியம்மா. ஒண்டும் வராது" என்றேன்.

ஆஸ்பத்திரிக்குப் போவது விசுவாசக் குறைவு என்று நினைத்தேன். சாட்சி சொல்ல வந்த இடத்தில் பொய் சொல்லக்கூடாது. அது விசுவாசமல்ல, வீம்பு.

செவ்வாய்க்கிழமை காலை, அடுப்படியில் நின்றவள் விழுந்தாள். கண் செருகி, பல் கிட்டி, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. அப்படி ஒன்றை நான் கண்டதேயில்லை. ஏதோ கெட்ட ஆவி என்றுதான் எனக்குப் பட்டது. உங்களில் ஏழெட்டுப் பேரைக் கூப்பிட்டேன். அவளைச் சுற்றி நின்று பாடினோம், கை தட்டினோம். நான் தலைமாட்டில் நின்று தொண்டை கிழியக் கத்தி ஜெபித்தேன். மறுபடியும் இழுத்தது. இன்னும் உரக்கக் கத்தினேன். மூன்றாம் முறையும் இழுத்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்த கண்ணம்மை அதற்குமேல் என்னைக் கேட்கவில்லை. தோணிக்காரரைக் கூட்டி வந்து அன்னம்மாவைப் பாயோடு தூக்கவைத்தார். அக்கரையில் காத்தான்குடி வியாபாரி ஒருவர் தன் காரில் ஏற்றிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் இப்படிக் கஷ்டப்படும் கர்ப்பிணிகளுக்கென்று தனியாக ஓர் அறை இருந்தது. அவளை அங்கே கிடத்தி, பட்டப்பகலில் யன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடினார்கள். டாக்டர் ஊசி போட்டார். தாதிமார் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தார்கள். நான் வாசலில் முழங்காலில் நின்று, "ஆண்டவரே" என்று குரலெடுத்தேன். உள்ளே அவள் உடம்பு தூக்கிப் போட்டது.

வயதான தாதி ஒருவர் ஓடி வந்து என் வாயைப் பொத்தினார்.

"சத்தம் போடாதீங்க, ஐயா. சத்தமும் வெளிச்சமும் பட்டா இந்த வலிப்புத் திரும்பத் திரும்ப வரும். ஊட்டிலயும் இப்பிடித்தான் கத்தினீங்களா?"

"ஓம்" என்றேன்.

தலையில் அடி விழுந்தவனைப் போல நின்றேன். ஆவியை விரட்டுகிறேன் என்று நின்று, அவளைத் திரும்பத் திரும்ப வலிப்பில் தள்ளியவன் நான். என் ஜெபம்தான் அதைச் செய்தது. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். வாயைத் திறந்தால் கத்திவிடுவேன் என்று பயம். தோளில் கிடந்த துவாயைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்தேன். மணிக்கணக்காக ஜெபிக்கத் தெரிந்த எனக்கு, 'அவளைத் தாரும்' என்பதற்கு மேல் மனம் ஓடவில்லை. அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை வலிப்பு வரவில்லை. வியாழக்கிழமை காலை அந்த இருட்டறைக்குள்ளிருந்து திடீரென்று ஒரு சத்தம் கேட்டது. யார் அது, சத்தம் போடாதீர்கள் என்று சொல்ல எழுந்து ஓடினேன். வாசலில் நின்ற தாதி சிரித்தார். அப்போதுதான் அது பிள்ளையின் அழுகை என்று எனக்குப் புரிந்தது.

சனிக்கிழமை அன்னம்மாவுக்கு நினைவு தெளிந்தது. என்னைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"இஞ்சருங்க, உங்கட சத்தத்தக் காணல்லயே. எனக்காக ஜெபிக்கல்லயா?"

துவாயைக் காட்டினேன். பல் பட்டு அது கிழிந்திருந்தது. அவள் அதை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், சத்தமில்லாமல்.

நான் கத்திக்கொண்டிருந்தபோதே ஆண்டவர் கண்ணம்மையின் வாயால் பதில் சொல்லிவிட்டார். என் சத்தத்தில் எனக்குத்தான் அது கேட்கவில்லை. கண்ணம்மைக்கும், அந்த டாக்டருக்கும் தாதிமாருக்கும் நான் சாகும்வரை நன்றியுள்ளவன். உங்கள் வீட்டில் பிள்ளை சுமக்கிறவளுக்குக் கால் வீங்கி, தலை இடித்தால் ஜெபியுங்கள். ஜெபித்துக்கொண்டே தோணியில் ஏற்றுங்கள். ஆண்டவரை நம்புங்கள், அவர் கேட்கிறார். மெதுவாகச் சொன்னாலும் கேட்கிறார்.

மூன்றாம் வரிசை வாங்கில் இப்போது அழுகிறவள்தான் அந்தப் பிள்ளை. அவளை வெளியே கொண்டுபோகத் தாய் எழும்புகிறாள். வேண்டாம், அன்னம்மா, இரு. அவள் சத்தம் போடட்டும்.