ஆராவ் அடுப்புக்கு ஒருவர் வந்த வழி

மே மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை மணி 9.24. சூரிச் விமான நிலையத்திலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில், ஆர்காவ் மாநிலத்தின் தலைநகரான ஆராவில் இறங்கினேன். ரயில் நான்கு நிமிடம் பிந்தியிருந்தது. அந்த நான்கு நிமிடத்துக்காக ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகும் பாதையில் நான் இழந்த மணித்தியாலங்களுக்கு இன்றுவரை எவரும் மன்னிப்புக் கேட்டதில்லை. வந்திறங்கிய முதல் நிமிடத்திலேயே இந்த நாட்டுக்கு ஒரு நன்றியைக் குறித்துக்கொண்டேன்.

மேடையில் என்னைச் சித்தப்பா எதிர்கொண்டார். என் தந்தையின் தம்பி. முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் அகதியாக வந்து, பிறர் சமையலறைகளில் தட்டுக் கழுவி, இன்று பழைய நகரத்தில் நாற்பது இருக்கைகள் கொண்ட உணவகம் ஒன்றுக்கு உரிமையாளர். ஆராவின் பழைய வீடுகளில் கூரையின் அடிப்பகுதி வெளியே நீண்டு நிற்கும். அந்த அடிப்பகுதியில் பூவும் கொடியுமாக வண்ணம் தீட்டியிருப்பார்கள். தெருவில் நடப்பவர் தலையை நிமிர்த்தினால்தான் அந்த அழகு தெரியும். நான் நிமிர்ந்து நடந்தேன்; அது எனக்குப் பழக்கம். பல்கலைக்கழக விவாத அணிக்கு இரண்டு ஆண்டுகள் தலைமை தாங்கியவள் நான். நிமிராமல் பேசி எவரும் வென்றதில்லை என்பது அன்றைய என் உறுதியான கருத்து.

சித்தப்பாவின் கடையில் புட்டும் இல்லை, இடியப்பமும் இல்லை. தந்தூர் அடுப்பில் சுட்ட கோழியும் ரொட்டியும், பஞ்சாப் பக்கத்துக் கறிவகைகளும்தான். காரணம் கேட்டேன். "புட்டு வீட்டில இருக்குப் பிள்ளை. வாடகை கட்டுறது இந்த அடுப்புத்தான்" என்றார்.

அந்த அடுப்பை ஆள்பவர் தாரிக். பாகிஸ்தானில், பஞ்சாபின் குஜராத் நகரத்தவர். ஒன்பது ஆண்டுகள் தமிழர் சமையலறையில் நின்றதில் யாழ்ப்பாணத் தமிழை அச்சொட்டாகப் பேசுகிறார். முதல் நாளே என்னிடம், "தங்கச்சி, நீங்கள் மேடையில கதைக்கிற ஆளாம். இஞ்சை கிச்சினில சித்தப்பா மட்டும்தான் கதைக்கலாம், தெரியுமோ?" என்று கேட்டார். சித்தப்பாவின் பதில் அச்சில் ஏறத் தக்கதன்று.

தாரிக் ஊர் திரும்ப முடிவு செய்திருந்தார். மூத்த மகளுக்குப் பத்து வயது. அவளோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த நாள்களைக் கூட்டினால் ஒரு வருடமும் தேறாது என்றார். ஆனால் அடுப்பை ஆளில்லாமல் விட்டுப் போக அவருக்கு மனம் இல்லை. தன் மனைவியின் தம்பி இம்ரானை அந்த இடத்துக்குக் கொண்டுவர விரும்பினார். இம்ரான் பன்னிரண்டு ஆண்டுகளாக லாகூரில் ஒரு விடுதியின் தந்தூர் அடுப்பில் வேலை செய்பவர். அவர் வந்தால் தாரிக் போகலாம். அவர் வராவிட்டால் தாரிக்கின் மகளுக்கு இன்னொரு வருடம் கைபேசித் திரையில் மட்டுமே தகப்பன்.

எப்படிக் கொண்டுவருவது என்று சித்தப்பாவுக்கு ஐயமே இருக்கவில்லை. முதலில் உறவினரைப் பார்க்க வருவதாகச் சுற்றுலா விசா எடுத்து வரட்டும். வந்த பிறகு இங்கே விண்ணப்பம் போடலாம். அவர் அறிந்த தமிழர் அனைவரும் அவ்வாறே வந்தவர்கள்: முதலில் கால் மண்ணில் படும், பிறகு கை காகிதத்தைத் தேடும். தாரிக்குக்கும் வேறு வழி தெரியாது. அவரை அழைத்த முந்தைய முதலாளிக்கு எல்லாவற்றையும் ஒரு வழக்கறிஞரே செய்து கொடுத்திருந்தார். எனக்கோ அந்த வழியில் குறை தெரியவில்லை. தெரியாத பொருளிலும் இருபக்கமும் வாதாடும் பயிற்சி பெற்றவள், தெரியாது என்று சொல்லும் பயிற்சியைப் பெறவில்லை. "இம்ரான் வந்து சேரும்போது விண்ணப்பம் தயாராக இருக்கட்டும், அலுவலகத்தில் நானே பேசுகிறேன்" என்றேன்.

அடுத்த திங்கள், காலை 10.05. திங்களில் கடை பூட்டு. மூவருமாக மாநிலக் குடிவரவு அலுவலகத்துக்குப் போனோம். கடையிலிருந்து கால்நடையாகப் பன்னிரண்டு நிமிடம். இலக்கச் சீட்டு எடுத்து அமர்ந்தோம். ஒன்பது நிமிடத்தில் அழைப்பு வந்தது. கண்ணாடிக்கு அப்பால் நடுத்தர வயதுப் பெண் அலுவலர். நான் ஆங்கிலத்தில் தொடங்கினேன். உணவு பண்பாட்டின் தூதுவன் என்றேன். உழைப்புக்கு எல்லைக்கோடு இல்லை என்றேன். மூன்று தலைப்புகளில், தலைப்புக்கு இரண்டு சான்றுகளாக, ஆறு நிமிடம் பேசினேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கடைசிச் சொல் வரை கேட்டார். இதைவிடப் பொறுமையான நடுவர் எனக்கு எந்தப் போட்டியிலும் வாய்த்ததில்லை.

முடிந்ததும் அவர் சொன்னார்: "நீங்கள் சொன்னவை அனைத்தையும் நம்புகிறேன். வேலைக்கு ஆள் தேவை என்ற விளம்பரம் எந்தத் தேதியில் வெளிவந்தது?"

ஆங்கிலத்தில் வந்த அந்தக் கேள்வியைச் சித்தப்பாவுக்குத் தமிழாக்காமல், நான் நான்காவது தலைப்பைத் தேடினேன்.

அலுவலர் அடுத்து ஜெர்மனுக்கு மாறி, அந்தச் சமையலாளர் இப்போது எங்கே இருக்கிறார் என்று சித்தப்பாவைக் கேட்டார். சித்தப்பா அதே மொழியில், சற்றுப் பெருமையோடு, இம்ரான் இன்று சுற்றுலா விசா விண்ணப்பத்துக்காக இஸ்லாமாபாத் போய்க்கொண்டிருக்கிறார், அடுத்த மாதம் இங்கே நிற்பார் என்றார். அலுவலர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அதட்டவில்லை, மெதுவாக விளக்கினார். வேலைக்கு வருபவர் முடிவு வரும்வரை தன் நாட்டிலேயே காத்திருக்க வேண்டும். விருந்தினர் என்று சொல்லி வந்து அடுப்படியில் நின்றால் திருப்பி அனுப்பப்படுவார். மீண்டும் நுழையத் தடையும் விழலாம். அதன்பின் இந்தக் கதவு அவருக்குத் திறப்பது மிகக் கடினம். அவ்வளவையும் சொல்லிவிட்டு, தேவையான ஆவணங்களின் பட்டியலை அச்செடுத்து, முக்கியமான வரிகளுக்குத் தாமே கோடிட்டுத் தந்தார்.

மணி 10.50. வெளியே வாங்குப் பலகையில் அமர்ந்து தாரிக் கைபேசியை எடுத்தார். பாகிஸ்தானில் அப்போது பிற்பகல் 1.50, இம்ரானின் நேர்காணல் மூன்று மணிக்கு. அவர் பேருந்தில் இருந்தார். தாரிக் பஞ்சாபியில் சொல்லச் சொல்ல எதிர்ப்பக்கத்துக் குரல் உயர்ந்தது. தாரிக் எங்கள் பக்கம் திரும்பினார். "கேக்கிறான் இல்லை அண்ணை. அங்கத்தை ஏஜென்ட் சொல்லுறானாம், எல்லாரும் இப்பிடித்தான் போறவையாம். பேப்பர் எண்டு காத்திருந்தால், தான் கிழவனாகிப் போவானாம்."

நான் வாயைத் திறந்தேன். சித்தப்பா கையால் தடுத்து, கைபேசியை வாங்கித் தன் வாயருகே வைத்தார். தமிழிலேயே பேசினார், வரிக்கு வரி தாரிக் மொழிபெயர்த்தார்.

"தம்பி, நான் லொறிக்குப் பின்னால படுத்து வந்தனான். எனக்கு வேற வழி இருக்கேல்லை. அங்கை இருந்தால் உயிர் இல்லை. வந்தாப் பிறகு பதினொரு வருசம் கடிதத்துக்குக் காத்திருந்தனான். தபால்காரன் வாற நேரம் வாசலிலயே நிப்பன். அப்பா செத்த வீட்டுக்கும் போகேல்லை. உனக்கு வழி இருக்கு. நீ உன்ர வீட்டில, பெண்சாதி பிள்ளையோட இருந்து காத்திரு. உள்ளுக்கு வந்திருந்து காத்திருக்கிறது என்னெண்டு எனக்குத் தெரியும். நான் கூப்பிடுவன். முறையாக் கூப்பிடுவன்."

தாரிக் கைபேசியைத் திரும்ப வாங்கிக் காதில் வைத்தார். பிறகு அதைத் தாழ்த்தினார். "அடுத்த தரிப்பில இறங்கிறானாம்."

அங்கே நிகழ்ந்தது சொற்பொழிவு அன்று. ஏற்ற இறக்கம் இல்லை, கைவீச்சு இல்லை. ஆயினும் நான் கேட்ட உரைகளில் அதற்கு நிகராக ஒன்றையும் இதுவரை வைக்கவில்லை.

அன்று மாலையே வேலை தொடங்கினோம். முறை இதுதான். விண்ணப்பிக்க வேண்டியவர் தொழிலாளி அல்லர், முதலாளி. இந்த நாட்டிலும் ஐரோப்பிய நாடுகளிலும் ஆள் தேடியதையும், வந்தவர்கள் ஏன் பொருந்தவில்லை என்பதையும் காட்டவேண்டும். ஒப்பந்தமும் சம்பளமும் இந்நாட்டு வழக்கத்துக்குக் குறையக்கூடாது. சமையலாளரின் பயிற்சிக்கும் அனுபவத்துக்கும் சான்று வேண்டும். மாநிலம் ஏற்றால் நடுவண் அரசு பார்க்கும். அதுவும் ஏற்றால் இஸ்லாமாபாத்தில் உள்ள தூதரகத்துக்கு அனுமதி போகும். அதன் பிறகே தொழிலாளி கடவுச்சீட்டோடு அங்கே போகிறார்.

ஆள் தேடியதற்குச் சான்று எங்கே என்று நான் கவலைப்பட்டபோது, சித்தப்பா படுக்கையறை அலமாரியைத் திறந்தார். மேலிருந்து கீழ்வரை ஓட்னர்கள், அதாவது தடித்த அட்டைக் கோப்புகள். அகதி வழக்கு நடந்த காலத்தில், ஒரு துண்டுக் காகிதம் தவறினாலும் நாடு தவறிவிடும் என்ற அச்சத்தில் தொடங்கிய பழக்கம். வதிவிட உரிமை கிடைத்த பின்னும் விடவில்லை. கடந்த இலையுதிர் காலம் முதல் அவர் கொடுத்த விளம்பரங்கள், வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அறிவித்த கடிதம், வந்து பார்த்துவிட்டுப் போன ஆறு சமையலாளர்களின் விண்ணப்பங்கள், ஒவ்வொருவருக்கும் அனுப்பிய பதில், யாவும் தேதி வரிசையில் இருந்தன. அந்தப் பெண் அலுவலர் கேட்ட கேள்விக்கான விடை ஏழு மாதமாக ஒரு கட்டிலுக்கு இரண்டடி தூரத்தில் நின்றிருக்கிறது.

விளக்கக் கடிதத்தை நான் எழுதினேன். முதல் வடிவம் நான்கு பக்கம். தாரிக் வாங்கிப் பார்த்து, "தங்கச்சி, இதில இம்ரான் எந்தப் பக்கத்தில வாறான்?" என்றார். இறுதி வடிவம் ஒரே பக்கம்: கூற்று, அதற்குச் சான்று, சான்றின் இலக்கம். அப்படி எழுதக் கற்றுத்தந்தது விவாதம்தான் என்று இங்கே பதிவு செய்கிறேன். என் கலையை நான் முற்றாக விட்டுக்கொடுப்பதாக இல்லை.

மே மாதக் கடைசி வெள்ளி, பிற்பகல் 2.30. விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு, சித்தப்பாவோடு திரிம்பாக்கில் இருக்கும் தமிழர் கோவிலுக்குப் போனேன். ஓல்டனுக்கு ரயிலில் பத்து நிமிடம், அங்கிருந்து பேருந்து. தாரிக்கும் கூட வந்து, கோவில் மண்டபத்தில் எங்களோடு அமர்ந்து சோறு உண்டார். எதற்கு வேண்டிக்கொண்டீர்கள் என்று சித்தப்பாவைக் கேட்டேன். "வேண்டிறதுக்கு என்ன இருக்கு? பேப்பர் முழுக்கக் குடுத்தாச்சு. நன்றி சொல்லிப்போட்டு வந்தனான்" என்றார்.

ஜூலை இரண்டாம் வாரம் மாநிலத்தின் கடிதம் வந்தது. அடுத்து நடுவண் அரசின் ஒப்புதல். இம்ரான் இஸ்லாமாபாத் போய்க் கடவுச்சீட்டைக் கொடுத்தார். இம்முறை எந்த முகவரும் உடன் இல்லை. விசா ஒட்டப்பட்ட பக்கத்தின் படம் வந்தபோது தாரிக் மாவுக் கையோடு கைபேசியைப் பிடித்திருந்தார். அதோடு முடியவில்லை. வெளிநாட்டு வேலைக்குப் போகும் பாகிஸ்தானியர் தம் அரசின் அலுவலகம் ஒன்றில் பதிந்து முத்திரை பெறவேண்டும். இல்லையேல் சொந்த விமான நிலையமே வெளியே விடாது. அதையும் பெற்றார்.

ஆகஸ்ட் முதல் திங்கள், நண்பகல் 12.40, சூரிச் விமான நிலையம். ஊர் திரும்பும் என் விமானம் 3.25க்கு. இரண்டு தடவை வந்து போவது வீண் என்று சித்தப்பா இம்ரானின் பயணத்தையும் அதே நாளில் பதிவு செய்திருந்தார். காத்திருந்த நேரத்தில் காப்பி வாங்கித் தந்தார். கோப்பை ஐந்து பிராங்குக்கு மேல். பன்னிரண்டு வாரத்தில் இந்த நாடு எனக்குத் தந்ததை எண்ணிப் பார்த்தேன். நம் ஊரில் ஒரு காரியம் ஆக, தெரிந்தவர் ஒருவரைத் தேடுவோம். நானும் என் நாவன்மையை அப்படியொரு தெரிந்தவராகவே நினைத்து வந்தேன். இங்கே எங்களுக்குத் தெரிந்தவர் எவரும் இல்லை. முன்பின் அறியாத ஒரு பெண் ஆறு நிமிடம் பொறுமையாகக் கேட்டு, கோடிட்ட தாள் ஒன்றைத் தந்தார். ஒரு குடும்பத்தின் வாழ்வு அதனால் தப்பியது.

கதவு திறந்தது. ஒரு பெட்டியும் பிளாஸ்டிக் உறையும் ஏந்தி இம்ரான் வந்தார். தாரிக் கட்டிப்பிடித்தார். இப்போதே அடுப்பைப் பார்க்கலாமா என்று கேட்டாராம் இம்ரான். நாளை நகராட்சியில் பதிந்த பிறகுதான் அடுப்பைத் தொடலாம், இன்று அவர் விருந்தாளி என்று சித்தப்பா சொல்லச் சொன்னார். பிறகு கடவுச்சீட்டை வாங்கி விசாப் பக்கத்தை விரித்தார்.

"எத்தினையோ பேரைக் கூட்டிக்கொண்டு போக இஞ்சை வந்திருக்கிறன் பிள்ளை. வேலைக்கெண்டு விசாவோட ஒருத்தன் வந்து இறங்கிறதை இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றார். பிறகு தாரிக்கிடம், "உள்ளுக்குப் பொலிஸ் என்ன கேட்டவங்களாம்?"

தாரிக் விசாரித்துச் சொன்னார்: "ஒண்டும் கேக்கேல்லையாம் அண்ணை. விசாவைப் பாத்திட்டு, வில்கொம்மன் எண்டாங்களாம்."

வில்கொம்மன் என்றால் நல்வரவு. சித்தப்பா கடவுச்சீட்டை மூடவில்லை. "திரும்பக் கேள். அப்பிடியேதான் சொன்னவங்களோ?"

தாரிக் திரும்பக் கேட்டார். இம்ரானுக்குக் காரணம் விளங்கவில்லை. ஆனாலும் காவலர் சொன்ன தொனியிலேயே சொல்லிக் காட்டினார். நான் விடைபெற்றுச் சோதனை வரிசைக்குள் நுழைந்து திரும்பிப் பார்த்தபோது, சித்தப்பா இன்னும் நின்ற இடத்திலேயே நின்றார். இம்ரான் அவருக்காக அந்தச் சொல்லை மூன்றாம் முறையும் சொல்லிக்கொண்டிருந்தார்.