பாக்கியத்தின் மலைக்குரல்

எங்கள் வீட்டில் காலையில் முதல் திட்டு வாங்குவது இப்போது நானில்லை, போன். முப்பத்தைந்து வருடமாக அந்த வேலை என்னிடம் இருந்தது. போன வருடம் என் மனைவி பாக்கியத்துக்குச் சர்க்கரையில் கண் போனது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. எண்ணை அழுத்தவும் முடியாது. வாயால் சொன்னால் கேட்கிற போன் ஒன்றைத் திருப்பூரிலிருந்து மகள் சாந்தி வாங்கி அனுப்பினாள். கயிறு கட்டிப் பாக்கியத்தின் கழுத்தில் போட்டிருக்கிறோம். எழுந்ததும் அதனிடம், "மணி என்னா?" என்பாள். அது சொல்லும். "கேட்டாத்தான் சொல்லுவியா? நீயா சொன்னா வாய் வலிக்குமா?" என்பாள். அது பேசாது. நானும் அப்படித்தான் இருந்தேன்.

இலங்கையில் ஹட்டன் பக்கம் இன்னும் இருக்கிற சொந்தங்களுக்கும், கப்பலேறி வந்து இந்த நீலகிரியில் ஒட்டிக்கொண்டவர்களுக்கும் இதை எழுதுகிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைதான் படித்தேன். நீட்டி எழுத வராது.

விஷயம் இதுதான். பகலில் நான் கேத்திக்குப் போய்விடுவேன். கேரட் கழுவுகிற இடத்தில் வேலை. குன்னூருக்கு மேலே எங்கள் காலனி வீட்டில் பாக்கியம் தனியாக இருப்பாள். அதுதான் சாந்திக்குக் கவலை. "அப்பா, ஒரு மாசம் பாக்குறேன். அம்மா தானா போன் போட்டு உங்களக் கூப்புடோணும். முடியலீன்னா ரெண்டு பேரும் இங்க வந்துருங்க. அப்புறம் பேச்சே இல்ல" என்றாள். திருப்பூரில் அவளுக்கு ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டு ஜன்னல். நல்ல பிள்ளை, குறை சொல்ல முடியாது. ஆனால் பாக்கியம் சொல்லிவிட்டாள். "நான் ரெண்டு தரம் பொட்டி கட்டிட்டேன். மூனாந்தரம் கட்டமாட்டேன்." முதல் தரம் கப்பலுக்கு. இரண்டாவது, மண்டபம் முகாமிலிருந்து இந்த மலைக்கு.

முதல் நாளே போன் மல்லுக்கு நின்றது. "மலைக்குப் போட்டுக் குடு" என்றாள் பாக்கியம். வேலைக்குப் போவதை நாம் மலைக்குப் போவது என்றுதானே சொல்வோம். கேரட் கழுவினாலும் அது மலைதான். போன் ஏதோ ஒரு மலையின் உயரத்தை மீட்டர் கணக்கில் சொல்ல ஆரம்பித்தது. "ஒசரத்த யாரு கேட்டா? மனுசனக் கூப்புடு!" என்றாள். மன்னிக்கவும், புரியவில்லை என்றது. "வேலைக்குப் போனவருன்னு சொல்லேன்" என்றேன். "ஏன்? அம்பது வருசமா சொல்றத இதுக்காக மாத்தணுமா?" என்றாள்.

எனக்கு அது பழகின விஷயம். இங்கே வந்த புதிதில் எனக்குப் பத்து வயது. அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனபோது வழியில் ஒருவரிடம், "ஸ்டோருக்கு எப்புடிப் போறது?" என்று கேட்டேன். தேயிலை ஃபாக்டரியை அங்கே அப்படித்தான் சொல்வோம். அவர் ரேஷன் கடைக்குக் கை காட்டினார். தூக்குவாளியோடு ரேஷன் வரிசையில் வெகுநேரம் நின்றேன். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். பேசினால்தானே சிரிப்பார்கள் என்று அன்றிலிருந்து பேச்சைக் குறைத்தேன். பாக்கியம் குறைக்கவில்லை. அவளோடு கொழுந்து பறித்த உள்ளூர்ப் பெண்கள் எல்லாம் கடைசியில் தேத்தண்ணி குடிக்க ஆரம்பித்தார்கள். அதுவரை டீ குடித்தவர்கள்தான்.

குன்னூரில் போன் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் உள்ளே எதையோ திறந்தார். இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் என்று இரண்டு வரி வந்தது. "ஏனுங்க, இதுல நீங்க எதுங்க?" என்றார். கப்பலேறுவதற்கு முன், ஹட்டன் பக்கம் தோட்டத்து ஆபீசில் இதே கேள்வியைக் கேட்டு ஒரு மேசை போட்டிருந்தார்கள். அப்பா கையில் தொப்பியை வைத்துக்கொண்டு நின்றார். "இந்தியாவா, இலங்கையா?" என்று கிளாக்கர் கேட்டார். "எங்குட்டுங்க வேலை இருக்கு?" என்று அப்பா கேட்டார். கிளாக்கர் மைப்பெட்டியை நகர்த்தினார். அப்பா பெருவிரலை வைத்தார். அங்கே எங்களை இந்தியாக்காரன் என்றார்கள். இங்கே வந்ததும் சிலோன்காரன் ஆனோம்.

"ரெண்டையும் போட்டுப் பாருங்க" என்றேன். பார்த்தார். இந்தியத் தமிழுக்குப் பாக்கியத்தின் பேச்சு பாதி புரிந்தது. இலங்கைத் தமிழுக்கு அந்தப் பாதியும் இல்லை. கடைக்காரர் சிரித்தார். "ரெண்டுக்குமே நீங்க வெளியூருங்க. உடுங்க, நாமளே சொல்லிக் குடுத்துக்கலாம். ஒவ்வொரு வார்த்தையும் பத்துத் தடவ, அம்மா வாயாலயே சொல்லச் சொல்லுங்க. அதுக்கு இன்ன வேலைன்னு நீங்க காட்டிக் குடுத்தாப் போதும்ங்க." எப்படிக் காட்டுவது என்று இரண்டு முறை செய்து காட்டினார். மூன்றாவது முறை என்னைச் செய்யச் சொன்னார்.

ஒரு வாரம், சாயங்காலம் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் நடந்தது. நான் பட்டனை அழுத்துவேன், பாக்கியம் சொல்வாள். மலைக்குப் போட்டுக் குடு என்றால் என் நம்பர். புள்ளைக்குப் போட்டுக் குடு என்றால் சாந்தி. கற்றுக்கொண்டது. கேத்தியில் என் சட்டைப் பையில் போன் அடித்தது. "வேலை செய்றீங்களா, நிக்கிறீங்களா?" என்று கேட்டாள். சந்தோஷமாக இருந்தது. சாந்திக்கும் சொன்னோம்.

மூன்றாவது வாரம், மத்தியானம். வாசலில் மேரக்காய்க் கொடியை எதுவோ இழுக்கிற சத்தம். பக்கத்து வீட்டு மாடு என்று நினைத்து, "ச்சூ, அங்குட்டுப் போ" என்று பாக்கியம் கையை நீட்டித் தள்ளியிருக்கிறாள். கை பட்ட இடம் மாட்டுக்கு இருக்கவேண்டிய உயரத்தில் இல்லை. காட்டெருமை. மூச்சு முகத்தில் அடித்ததாம். "மலைக்குப் போட்டுக் குடு" என்று கத்தினாள். மன்னிக்கவும், புரியவில்லை என்றது போன். நாலு தரம் கத்தினாள். நாலு தரம் மன்னிப்புக் கேட்டது. அந்தச் சத்தத்தில் காட்டெருமைதான் திரும்பிப் போனது.

நான் வேலை முடிந்து வந்தபோது வாசல் நிலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். "எருமைக்குப் புரிஞ்சிருச்சி. இதுக்குப் புரியல" என்றாள். அவளுக்கு மறைக்கத் தெரியாது. அவளே சாந்திக்குச் சொல்லிவிட்டாள். "ஞாயித்துக்கெழம வர்றேன். துணியெல்லாம் எடுத்து வைங்க" என்றாள் சாந்தி.

மறுநாள் கேரட் கழுவிக்கொண்டே யோசித்தேன். லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்தவர்களுக்கு இரண்டு குரல் உண்டு. அங்கே வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் தும்மினால் அஞ்சாவது வீட்டில் நூறு வயசு என்பார்கள். அதனால் வீட்டுக்குள் பேச்சு எப்போதும் அடங்கித்தான் வரும். மலையில் வேறு. இந்தச் சரிவிலிருந்து அந்தச் சரிவுக்குக் கேட்கவேண்டும். நெஞ்சிலிருந்து எடுத்து, கடைசி எழுத்தை இழுத்து விடவேண்டும். நாங்கள் போனுக்கு வீட்டுக் குரலைக் கற்றுக்கொடுத்திருந்தோம். ஆபத்தில் வீட்டுக் குரலில் யார் கூப்பிடுவார்கள்?

சனிக்கிழமை லீவு போட்டேன். பாக்கியத்தைக் கைபிடித்துப் பின்னால் தேயிலைச் சரிவுக்குக் கூட்டிப்போனேன்.

"கத்து."

"சும்மா எப்புடிக் கத்துறது?"

"முன்னால காட்டெருமை நிக்கிதுன்னு நெனச்சுக்க."

"நீங்க நிக்கிறீங்கன்னு நெனச்சுக்கிறேன்" என்றாள். கத்தினாள். சரிவு முழுக்கக் கேட்டது.

எதிர்ச் சரிவில் கொழுந்து பறித்தவர்கள் நிமிர்ந்தார்கள். "என்னாக்கா? யாருக்கு என்னா ஆச்சி?"

"ஒன்னுமில்லடி! போனுக்குப் பாடம் சொல்றேன்!"

"பாஸாயிருச்சா?"

"மக்கா இருக்குடி! எங்க வீட்டு ஆம்பளயாட்டம்!"

அவ்வளவுதான். அங்கிருந்து நாலைந்து பேரும் சேர்ந்து, "மலைக்குப் போட்டுக் குடு!" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள். ஒரே சிரிப்பு. எல்லார் குரலும் உள்ளே போனால் போன் குழம்பிவிடும். கையை ஆட்டினேன், யாரும் பார்க்கவில்லை. "ஏய்! சும்மா இருங்க!" என்றேன். எனக்கே தெரியாமல் அது மலைக்குரலில் வந்துவிட்டது. எதிர்ச் சரிவு அமைதியானது. பாக்கியம் முகத்தை என் பக்கம் திருப்பினாள். "இந்தக் கொரல எங்க வச்சிருந்தீங்க இத்தன வருசமா?" என்றாள். நான் பட்டனை அழுத்தினேன். தொண்டை கட்டும்வரை சொன்னாள். நடுநடுவே பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

ஞாயிறு சாந்தி வந்தாள். கையில் பெரிய பை, காலியாக. பாக்கியம் அதைத் தடவிப் பார்த்தாள். "அம்மா, நானும் அப்பாவும் கீழ பஸ் ஸ்டாப்புக்குப் போறோம். நீ கூப்புடு பாப்போம். காட்டெருமை வந்தாப்பல கூப்புடோணும்" என்றாள் சாந்தி.

பஸ் ஸ்டாப்பில் நின்றோம். பை சாந்தியின் தோளில் இருந்தது. ஒரு பஸ் வந்து போனது. போன் அடிக்கவில்லை. சாந்தி மேலே பார்த்தாள். நான் பையைப் பார்த்தேன். அப்போது மேலே சரிவிலிருந்து குரல் வந்தது, கடைசி எழுத்து இழுத்துக்கொண்டு. அது முடிவதற்குள் என் சட்டைப் பை அடித்தது.

"என்னா இம்புட்டு நேரம்?" என்றேன்.

"ரெண்டு மேரக்கா பறிச்சேன். சாந்தி பையில எடம் இருக்கான்னு கேளுங்க."

சாந்தி சிரித்தாள். பிறகு அந்தப் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்தாள். சாயங்காலம் அந்தப் பை மேரக்காயும் கேரட்டும் டீத்தூளுமாக பஸ் ஏறியது. பாக்கியத்தின் சேலை ஒன்றுகூட அதில் இல்லை.

ஒன்று மட்டும் பாக்கி. ராத்திரி போனை அணைத்துவிட்டுக் காலையில் போட்டால் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கிறது. இந்தியத் தமிழா, இலங்கைத் தமிழா. கீழே சின்னதாக 'பிறகு' என்று ஒரு பட்டன் இருக்கிறது. அப்பா நின்ற மேசையில் அது இல்லை. தினமும் காலையில் அதை அழுத்திவிட்டு, கயிற்றைப் பாக்கியத்தின் கழுத்தில் போட்டுவிட்டு, நான் மலைக்குப் போகிறேன்.