பரமண்ணையின் பையை யார் எடுப்பது?

பரமண்ணை இன்று காலை காலமானார். மெல்பேர்ன் மேற்கில் எங்கள் தமிழ் பேஸ்போல் அணியைத் தொடங்கியவர், கடைசிவரை அதன் மனேஜர்... புற்றுநோய்.

அணியின் பேஸ்புக் பக்கத்தில் செய்தி போட்டார்கள். முதல் இரண்டு கொமன்ட் ஆழ்ந்த அனுதாபம். மூன்றாவது: "அடுத்த மனேஜர் ஆர்?"

அதன் பிறகு அனுதாபம் இல்லை. ஊகம் மட்டும்தான்.

சிட்னி மெரிலேண்ட்ஸில் ஒருவர் இருக்கிறாராம், ஜப்பானில் விளையாடியவராம், அவரைக் கொண்டுவரப் போகிறார்களாம். முன்பு பத்திரிகையில் செய்தி எழுதிய பழக்கம்... விசாரித்துப் போன் எடுத்தேன். பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். ஜப்பானில் கார் கழுவியவர். பேஸ்போல் பார்த்ததே இல்லை.

ஊரில் எல்லே, அதுவும் மட்டையால் பந்தை அடித்துவிட்டு ஓடும் ஆட்டம்தான், விளையாடியவர்களைச் சேர்த்துத்தான் பரமண்ணை அணியைத் தொடங்கினார். எல்லேயில் ஓடுகிறவர் மேல் பந்து பட்டால் அவர் அவுட்.

முதல் மட்சில் எங்கள் ஆள் அதே நினைப்பில், ஓடிக்கொண்டிருந்த வெள்ளைக்காரரின் முதுகுக்கு எறிந்துவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

பரமண்ணை உள்ளே போய் மன்னிப்புக் கேட்டார். திரும்பும்போது எறிந்தவரிடம் சொன்னார்: "குறி நல்லாத்தான் இருக்கு, ராசா. இனி எங்கட ஆளின்ர கிளவுக்கு எறி."

நாங்கள் விளையாடும் ட்ருகனினா மைதானத்தில் வேலியோரம் கதிரை போட்டு இருப்பவர்கள் தங்களை ரசிகர்கள் என்பார்கள். வேலி தாண்டி வந்த பந்தைக்கூடக் குனிந்து எடுத்ததில்லை.

கீமோ முடித்துக் கம்பளித் தொப்பியோடு பரமண்ணை வந்த அன்று, அவர் காதுபடவே ஒருவர் சொன்னார்: "பரமண்ணைக்கு இனி ஏலாது. ஆரைப் போடுறது?"

அவர் திரும்பினார். மட்டை, கிளவ், ஹெல்மெட் எல்லாம் அடைத்த பெரிய பை கையில். ஒவ்வொரு சனியும் அவரேதான் இழுத்து வருவார்.

"முடிவெடுத்திட்டுச் சொல்லுங்கோ. இதைத் தந்திட்டு நான் வீட்ட போறன்."

ஒருவரும் எழும்பவில்லை. ஒருவர் தின்னச் சொல்லி ஒரு ரோல்ஸ் நீட்டினார்.

இந்த சீசனில் ஆள் சேராமல் இரண்டு மட்ச் விட்டுக்கொடுத்தாயிற்று. இன்னொன்று விட்டால் லீக்கிலிருந்து அணியை எடுத்துவிடுவார்கள். அடுத்த மட்ச் வரும் சனி.

இன்று மத்தியானம் பரமண்ணையின் மனைவி, நாங்கள் அக்கா என்போம், போன் எடுத்தார்.

"நேற்றும் அதைத்தான் கேட்டவர், தம்பி. சனிக்கு ஆள் சேர்ந்திட்டுதோ எண்டு. நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்... பை கராஜிலதான் கிடக்கு. ஆரெண்டாலும் வந்து எடுப்பினமோ?"

அக்கா சொன்னதை அப்படியே அந்தப் பக்கத்தில் எழுதினேன். கொஞ்சம் லைக் விழுந்தது. கீழே ஒருவர் கேட்டிருந்தார்: "மெரிலேண்ட்ஸ்காரர் எப்ப வாறார்?"

பரமண்ணை, பை இப்போது என் காரில் இருக்கிறது. விளையாடுகிறவர்களில் ஆறு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்பது வேண்டும்.

அக்கா உங்களிடம் சொன்னது இன்னும் உண்மையாகவில்லை...

போயிட்டு வாங்கோ.